மீன்குஞ்சுக் குளத்தில் வேட்டைப்பூச்சிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேவிபட்டினம் பக்கம் புதிதாக நாற்றங்கால் குளம் வெட்டிய இளைஞர்கள் சிலர், ஐப்பசி மழையில் நிறைந்த நீரில் கட்லா குஞ்சுகளை விட்டு, ஒரே வாரத்தில் பெரும்பகுதியை இழந்தார்கள். நான் தொடக்கத்தில் செய்த பிழைகளையே அவர்களும் செய்திருந்தார்கள்.

காற்று வீசும்போது எண்ணெய்க் கரைசல் தெளித்தல்

இந்தப் பிழையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமைதான். பெரிய நீர்ப்பூச்சி, நீர்த்தேள், நீர்வண்டு ஆகியவை நீருக்குள் வாழ்ந்தாலும், உடலின் பின்முனையை நீர்ப்பரப்பில் நீட்டிக் காற்றை வாங்குபவை. எனவே ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெய், 18 கிலோ சோப்பு என்ற கணக்கில், அதாவது 10 சென்ட் குளத்துக்கு ஏறக்குறைய 2.25 கிலோ எண்ணெயும் 750 கிராம் சோப்பும் கரைத்துத் தெளித்தால், மேலே பரவும் படலம் அவற்றின் மூச்சை அடைத்துவிடும். நான் அளவைச் சரியாகவே கலந்தேன். ஆனால் வாடைக்காற்று வீசிய பிற்பகலில் தெளித்தேன். படலம் முழுவதும் தென்மேற்குக் கரையில் ஒதுங்க, வடகிழக்கு மூலையில் பூச்சிகள் தடையின்றி மூச்சு வாங்கின. மறுநாள் குஞ்சுகளை விட்டேன். மூன்றாம் நாள் காலையில், தலைகீழாகத் தொங்கிய ஒரு நீர்ப்பூச்சி முன்கால்களால் குஞ்சைக் கவ்வி, அலகைக் குத்திச் சதையைக் கரைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெறும் தோலாகக் குஞ்சுகள் மிதந்தன. நம் கடலோரத்தில் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் தெளித்து, படலம் நான்கு கரையையும் தொட்டிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அங்கிருந்து நகர வேண்டும். அதன்பின் 12 முதல் 24 மணி நேரம் கழித்துக் குஞ்சு விடலாம்.

கரையில் இரவு விளக்கு

அணைத்துவிடுங்கள். பெரிய நீர்ப்பூச்சி வெளிச்சத்தை நாடிப் பறந்து வரும்.

வெறுங்கையால் பிடித்தல்

கூடாது. பெரிய நீர்ப்பூச்சியின் கடி மிகக் கடுமையாக வலிக்கும்.

நீரை வாரக்கணக்கில் தேக்கிவைத்தல்

தட்டான்கள் முட்டையிட இதுவே போதும். அவற்றின் இளம்பருவம் குடலின் கடைப்பகுதியிலுள்ள செவுள்களால் நீருக்குள்ளேயே சுவாசிப்பதால், எண்ணெய்ப் படலம் அதை ஒன்றும் செய்யாது. மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நீட்டிக் குஞ்சைப் பிடித்துவிடும். கோடையில் குளத்தை வெடிப்பு விடும் அளவுக்குக் காயவிட்டு, குஞ்சு வரும் நாளை உறுதிசெய்த பிறகே நீரை நிரப்ப வேண்டும். விடுவதற்கு முன் சிறுகண் வலையை இரண்டு முறை இழுத்துப் பார்க்க வேண்டும்.