ஹைபிரிட் ஜீப்புக்குக் காத்திருப்போர் செய்யும் தவறுகள் (நான் செய்தவையும் சேர்த்து)

போன சனிக்கிழமை அக்காவின் மகன் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தான். கையில் நான்காக மடித்த தாள், முகத்தில் மாப்பிள்ளைக் களை. ஜப்பானிலிருந்து புத்தம்புதிய ஹைபிரிட் ஜீப் ஒன்றை எடுப்பிக்கப் போகிறானாம். "மாமா, ஒப்ஷன் படிவம் நிரப்பிவிட்டேன். திங்கட்கிழமை அனுப்ப வேண்டும், ஒருமுறை பாருங்கள்" என்றான். பார்த்தேன். வண்டியில் மேலதிகமாக வேண்டிய வசதிகளுக்கான இருபத்தொரு பெட்டிகளில் பதினேழுக்குக் குறி போட்டிருந்தான். 2025இல் நான் நிரப்பிய படிவத்தை யாரோ பிரதியெடுத்துக் கொடுத்ததுபோல் இருந்தது.

நான் துறைமுகத்தில் சுங்க ஆவணங்களோடு முப்பது வருடம் புழங்கியவன். ஊரார் வண்டிகளுக்கெல்லாம் வரிக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சொந்த வண்டி என்று வந்ததும் அந்தக் கணக்கு முழுவதும் தலையிலிருந்து இறங்கிப் போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நாலு இடத்தில் விலை கேளுங்கள், கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள் என்பவற்றைச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார். அவற்றை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

முற்பணம் கட்டியதும் வண்டி வாங்கியாயிற்று என்று நினைப்பது

2020 ஜனவரியில் முதல்முறை முற்பணம் கட்டினேன். மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் ரூபாய்க்கு நேர்ந்தது உங்களுக்குத் தெரியும். நான் பணம் கட்டியபோது 180 ரூபாய் அளவில் இருந்த டொலர், 2022 நடுப்பகுதியில் 360ஐத் தொட்டது. என் முற்பணம் சதம் குறையாமல் திரும்பி வந்தது. அதைக் கையில் வாங்கியபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

விற்பவரிடம் இரண்டு விடயங்களை எழுத்தில் கேளுங்கள். ரூபாய் சரிந்தால் வித்தியாசம் யார் தலையில்? வங்கியில் எல்சி (ஜப்பானில் விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம்) எந்தத் திகதியில் திறக்கப்படும்? எல்சி திறக்கும்வரை உலகத்தில் எந்த ஜீப்பும் உங்கள் பெயரில் இல்லை. இருப்பது ஒரு பற்றுச்சீட்டும் ஒரு படமும்தான். இடையில் புதிய வர்த்தமானி வந்து வரி மாறினால் என்ன செய்வது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். "அப்படியெல்லாம் நடக்காது சேர்" என்று வாயால் சொல்பவரிடம் நான் இனிமேல் ஒரு பொத்தான்கூட வாங்கமாட்டேன்.

"மூன்று மாதம்"

எதிலிருந்து மூன்று மாதம்? முற்பணம் கட்டிய நாளிலிருந்தா, எல்சியிலிருந்தா, தொழிற்சாலையில் உங்கள் வண்டிக்கு உற்பத்தி வரிசையில் இடம் கிடைத்த நாளிலிருந்தா, கப்பல் ஏறிய நாளிலிருந்தா? விற்பவர் கடைசியைச் சொல்வார், நாம் முதலாவதைக் கேட்டுக்கொள்வோம். ஜப்பான்காரருக்கே இந்தக் காத்திருப்பு உண்டு. 2022 ஜனவரியில் லேண்ட் குரூசர் 300க்கு நான்கு வருடம் வரை காத்திருக்க நேரலாம் என்று டொயோட்டாவே சொன்னது. வரிசை அங்கே நீளும்போது கொழும்பில் இருந்துகொண்டு கோபப்பட்டு ஒன்றும் ஆகாது. எனக்கு எட்டு மாதம் எடுத்தது. கப்பல் அம்பாந்தோட்டையில் இறக்கியபிறகு ஆன நாட்கள் மிகச் சொற்பம், காத்திருப்பு முழுவதும் அதற்கு முன்னால்தான்.

பழைய வண்டியை முன்கூட்டி விற்பது

விற்காதீர்கள்.

பெட்டி இருக்கிறது என்பதற்காகக் குறி போடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. நம் ஊரில் "ஃபுல் ஒப்ஷன்" என்று ஒரு சொல் இருக்கிறது. விளம்பரத்தில் அது இல்லாவிட்டால் வண்டியே பாதி என்ற நினைப்பு. அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டுதான் நானும் பேனாவைத் திறந்தேன்.

ஜப்பானில் ஒப்ஷன் இரண்டு சாதி. ஒன்று தொழிற்சாலை ஒப்ஷன்: வண்டி உற்பத்திக்குப் போகுமுன் தீர்மானித்தே ஆகவேண்டும், பிறகு கடவுளே வந்தாலும் சேர்க்க முடியாது. கண்ணாடிக் கூரை, காற்றோட்ட இருக்கை, சுற்றுப்புறக் கமரா போன்றவை பெரும்பாலும் இந்த வகை. மற்றது டீலர் ஒப்ஷன்: கால்மிதி, கதவு வைசர் (கண்ணாடிக்கு மேலே மழைத் தடுப்பு), டாஷ் கமரா, சில அலங்காரத் துண்டுகள். வண்டி உருவான பிறகும் பொருத்தலாம். எனக்கு வந்த ஆங்கிலப் படிவத்தில் இரண்டையும் ஒரே பட்டியலாகக் கலந்திருந்தார்கள். விற்பனைப் பையன் "எல்லாம் பிறகு போடலாம் சேர்" என்றான். நானும் இருக்கைக் காற்றோட்டத்தை விட்டுவிட்டேன், கால்மிதிக்கும் வைசருக்கும் குறி போட்டேன். இதைவிடத் தலைகீழாக ஒரு மனிதன் செய்ய முடியாது.

ஏன் என்று கேட்டால் வரியைப் பாருங்கள். 2025இல் இறக்குமதி திறந்தபோது இருந்த விகிதப்படி, பெற்றோல் ஹைபிரிட் ஒன்றின் சிஐஎஃப் பெறுமதி (வண்டி விலை, காப்புறுதி, கப்பல் கூலி சேர்ந்த தொகை) 55 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 80 சதவீத ஆடம்பர வரி. இந்த வகை ஜீப்பெல்லாம் அந்தக் கோட்டை எங்கேயோ தாண்டிவிட்டவை. ஆகவே நீங்கள் போடும் ஒவ்வொரு குறியும் முழுதாகக் கோட்டுக்கு மேலேதான் விழும். உற்பத்தி வரி இயந்திரக் கொள்ளளவைப் பார்த்துப் போடப்படுவது, ஒப்ஷனால் அது ஏறாது. மற்றவை ஏறும்.

இரண்டு லட்சம் யென் ஒப்ஷன் ஒன்றை எடுங்கள், யென்னுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சரக்குப் பெறுமதி 4 லட்சம் ரூபாய். சுங்கத் தீர்வை 20 சதவீதம், 80 ஆயிரம். அதன்மேல் பாதி மிகைவரி, 40 ஆயிரம். ஆடம்பர வரி 3 லட்சத்து 20 ஆயிரம். 18 சதவீதப் பெறுமதி சேர் வரி, ஏறக்குறைய 1 லட்சம். ஆக 4 லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வரி. என் கண்ணாடிக் கூரை இப்படித்தான் 9 லட்சத்து 40 ஆயிரமாகத் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அதை நான் திறப்பதே இல்லை. கொழும்பின் காலி வீதியில் பகல் பன்னிரண்டு மணிக்கு எவன் திறப்பான்? திரையை இழுத்து மூடிவிட்டு ஏசியைக் கூட்டுகிறேன்.

கால்மிதியும் வைசரும் டாஷ் கமராவும் இன்வொய்சில் ஏறியதால் அவற்றுக்கும் இதே பெருக்கம். அதே பொருட்களை, ஏன் அதைவிட நல்லதை, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒரு மணி நேரத்தில் பேரம் பேசி வாங்கிப் போட்டிருப்பேன். டெல்கந்தையில் பொருத்தியும் தருவார்கள். இருக்கைக் காற்றோட்டமோ வேறு கதை. அந்த இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை இருக்கிறது, அடியில் ஆள் அமர்ந்திருப்பதை அறியும் உணரி இருக்கிறது. தோலைக் கிழித்து உள்ளே விசிறி வைக்கிறேன் என்று முன்வந்த ஒரு மெக்கானிக் பாஸிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். இன்றும் நீர்கொழும்பு வரை போய் இறங்கினால் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. மனைவி ஒன்றும் சொல்வதில்லை. கண்ணாடிக் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள், அவ்வளவுதான்.

அடுத்தது, ஜப்பானில் பயன்படும், இங்கே பயன்படாத பொருட்கள். மருமகன் குறி போட்டவற்றில் முதலாவது ஈடிசி கருவி. அது ஜப்பானிய அதிவேக வீதிகளில் கட்டணம் அறவிடும் பெட்டி. தெற்கு அதிவேக வீதியில் அதை வைத்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடிப்பான், வேறு எதுவும் நடக்காது. இரண்டாவது குளிர்ப்பிரதேசப் பொதி. வைப்பரில் பனி உறையாமல் சூடேற்றும் கம்பியெல்லாம் அதில் அடக்கம். "நுவரெலியாவுக்குப் போவோமே மாமா" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாவதற்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. 1,500 வொட் மின்செருகி. ஹைபிரிட் வண்டியிலிருந்து வீட்டுச் சாமான்களுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று படித்திருக்கிறான். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டை அனுபவித்தவர்கள் யாருக்கும் அந்த ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அந்தச் செருகி தருவது ஜப்பானிய 100 வோல்ட். நம் வீட்டு ரைஸ் குக்கரும் விசிறியும் 230 வோல்ட். சில வண்டிகளில் இது ஒப்ஷன் அல்ல, வண்டியோடே வரும். வந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், தனியாகக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

திரையும் ரேடியோவும் இதே வகை. ஜப்பான் சந்தைக்கான திரை பெரும்பாலும் ஜப்பானிய மொழி மட்டுமே பேசும், வரைபடமும் அந்த நாட்டுக்குரியது. அங்கே எஃப்எம் 76இலிருந்து 95 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் நாட்டில் 108 வரை போகிறது, பல வானொலிகள் 95க்கு மேலேதான் இருக்கின்றன. பெரிய திரைக்கு மேலதிகப் பணம் கொடுப்பவர் பெரிய ஜப்பானியத் திரையை வாங்குகிறார். கைப்பேசியை இணைக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள், அது முடிந்தால் மற்றதைக் கைப்பேசி பார்த்துக்கொள்ளும்.

அப்படியானால் எதற்குக் குறி போடுவது? பின்னால் பொருத்தவே முடியாததும், கொழும்பில் தினமும் கைகொடுப்பதுமான பொருளுக்கு. என் கணக்கில் இருக்கைக் காற்றோட்டம், சுற்றுப்புறக் கமரா, உபரிச் சக்கரம் ஆகிய மூன்றும் தேறும். வெள்ளவத்தைச் சந்துகளில் இவ்வளவு அகலமான வண்டியைத் திருப்புகிறவனுக்குக் கமரா ஆடம்பரம் அல்ல. உபரிச் சக்கரம் எல்லா மாடலிலும் கிடையாது, பலவற்றில் ஒட்டும் மருந்துப் புட்டி ஒன்றுதான் தருவார்கள். வவுனியா வீதியில் இரவு பத்து மணிக்கு ரயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அந்தப் புட்டி ஒன்றுக்கும் உதவாது. மறுவிற்பனைக்குக் கண்ணாடிக் கூரை நல்லது என்பார்கள். உண்மைதான், வாங்க வருகிறவரும் நம்மைப்போல்தானே. ஆனால் கொடுத்த 9 லட்சத்து 40 ஆயிரத்தையும் அவர் தூக்கித் தரப்போவதில்லை.

பெரிய சக்கரம்

21 அங்குலச் சக்கரம் படத்தில் அழகு. சக்கரம் பெரிதாகும்போது ரயரின் சுவர் மெலியும், குழியில் விழும் அடி நேரே ரிம்முக்கும் இடுப்புக்கும் போகும். ரயர் விலையும் அதற்கேற்ற விலை. சிறிய அளவு கிடைத்தால் அதையே எடுங்கள், அண்டை வீட்டார் சக்கரத்தை அளவுகோல் வைத்து அளக்கமாட்டார்கள்.

வீட்டில் மின்னேற்ற வழியில்லாமல் பிளக்-இன் எடுப்பது

பிளக்-இன் என்றால் வெளி மின்சாரத்தில் செருகி மின்னேற்றும் ஹைபிரிட். லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 450எச்+ போன்றவற்றில் 18.1 கிலோவொட் மணி மின்கலம் இருக்கிறது. தொடர்மாடியில் ஏழாம் மாடியில் குடியிருப்பவர் கீழே தரிப்பிடத்தில் தன் மீட்டரிலிருந்து கம்பி இழுக்க நிர்வாகக் குழு சம்மதிக்குமா? முதலில் அந்தக் கடிதத்தை வாங்குங்கள், பிறகு ஷோரூமுக்குப் போங்கள். சம்மதம் கிடைக்காவிட்டால் பாரமான மின்கலத்தைச் சும்மா சுமந்து திரிவீர்கள். சாதாரண ஹைபிரிட் போதும்.

கறுப்பு நிறம்

வேண்டாம். உள்ளேயும் வேண்டாம்.

வண்டி வந்த வாரமே உறை மாட்டுவது

இது சிறிய தவறு, விளைவு பெரிது. ஹாரியர் முதலான பல டொயோட்டா ஹைபிரிட்களில் பெரிய மின்கலம் பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று, இருக்கையின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒரு துவாரத்தின் வழியாக அறைக்குள்ளிருந்துதான் போகிறது. நம்மவர்கள் புதுத் தோலைக் காப்பாற்றவென்று தடித்த உறையை இருக்கையோடு கீழ்வரை இழுத்துக் கட்டுவார்கள், இல்லாவிட்டால் பிள்ளையின் புத்தகப்பையை அந்தத் துவாரத்துக்கு எதிரே வைப்பார்கள். மின்கலம் மூச்சு முட்டிச் சூடாகும். அந்தத் துவாரத்தில் வடிகட்டி இருந்தால் அதிலும் தூசி அடைக்கும், சேவிஸ் செய்யும்போது கேட்டுத் துப்புரவாக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பதறிப்போய் மின்கலத்தையே மாற்ற விலை கேட்டுவிட்டார். கடைசியில் உறையின் நாடாவை அவிழ்த்து வடிகட்டியைக் கழுவியதோடு விளக்கு அணைந்தது.

மருமகன் அன்று மாலை ஆறு மணிவரை இருந்தான். பதினேழு குறிகளில் பதின்மூன்றை அடித்தோம். கண்ணாடிக் கூரைக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "இது மட்டும் இருக்கட்டும் மாமா, அவளுக்குப் பிடிக்கும்" என்றான். திங்கட்கிழமை படிவம் அந்தக் குறியோடுதான் போயிருக்கிறது.