ஓடாத காரும் பழைய காரே: செட்டிநாட்டில் சிறிய கார் வாங்கும் முன் சோதிக்கும் முறை

செட்டிநாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் தனி வகை ஒன்று உண்டு. உரிமையாளர் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பார். காரோ காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ பெரிய வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் நிற்கும். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று குடும்பம் ஊருக்கு வரும் நாட்களில் மட்டும் தெருவைப் பார்க்கும். "வண்டி ஓடவே இல்ல தம்பி, விசேஷத்துக்கு வந்தாத்தான் எடுப்போம்" என்று வீட்டு ஆச்சி சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பன்னிரண்டு ஆண்டுக் காரின் மீட்டரில் இருபதாயிரம் கிலோமீட்டர்கூடக் காட்டாதபோது, முதல் முறையாகக் கார் வாங்குபவர் அதை அதிர்ஷ்டம் என்றே நினைப்பார். அப்படி நினைத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். முதல் ஆறு மாதத்தில் பிரேக், டயர், பெட்ரோல் பம்ப், ஏ.சி. என்று வரிசையாகச் செலவு வந்த பிறகுதான், ஓடித் தேய்ந்த காரைச் சோதிக்கும் முறை வேறு, நின்று கெட்ட காரைச் சோதிக்கும் முறை வேறு என்பது எனக்குப் புரிந்தது.

தொடங்கும் முன்: எஃப்.சி. எதைச் சொல்கிறது?

"எஃப்.சி. இன்னும் மூன்று வருடம் இருக்கிறது" என்று புரோக்கர் சொன்னால், அது எந்த எஃப்.சி. (தகுதிச் சான்று) என்று முதலில் கேட்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக் காருக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை பதிவுச் சான்று (ஆர்.சி.) செல்லும். அந்தத் தேதி கார் புதிதாக இருந்தபோதே அச்சிடப்பட்டுவிடுகிறது. ஆகவே பன்னிரண்டு ஆண்டுக் காரின் ஆர்.சி. புத்தகத்தில் மூன்று ஆண்டு மீதம் இருப்பது, அதை எந்த ஆய்வாளரும் அண்மையில் பார்த்தார் என்பதற்குச் சான்று ஆகாது. பிரிட்டனில் மூன்று வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்னும் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். பதிவு எண்ணைக் கொடுத்தால் பழைய சோதனைகளில் எதில் தேறியது, எதில் தவறியது என்பதை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நமக்கு அந்த வசதி இல்லாததால், வாங்குபவரே ஆய்வாளராக வேண்டியிருக்கிறது.

15 ஆண்டு முடிந்த காருக்குப் படிவம் 25 கொடுத்து, தகுதி ஆய்வு செய்து, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இதன் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. பதினான்கு ஆண்டுக் காரை விலை பேசுகிறவர் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தே பேச வேண்டும். 15 ஆண்டு ஆனாலே கார் குப்பைக்குப் போக வேண்டும் என்று சொல்லி விலையைக் குலைப்பவர்களும் உண்டு; பத்து ஆண்டு டீசல், பதினைந்து ஆண்டு பெட்ரோல் என்ற அந்தக் கட்டுப்பாடு தில்லி வட்டாரத்துக்கு வந்தது, நம் மாவட்டங்களுக்கு அன்று.

புதுப்பித்த எஃப்.சி. இருந்தாலும் அதன் எல்லையை அறிந்திருப்பது நல்லது. விளக்கு, ஹாரன், பிரேக், ஸ்டீயரிங், வைப்பர், புகை ஆகியவை அன்றைக்கு ஒழுங்காக இருந்தன என்பதே அதன் பொருள். கிளட்ச் எத்தனை நாள் தாங்கும், டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது, ஏ.சி. குளிர்கிறதா என்பவற்றை அது பார்ப்பதில்லை. சோதனை நாளுக்காக நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டிவிட்டு, திரும்பியதும் கழற்றிக் கொடுக்கும் வழக்கமும் உண்டு.

படி 1: ஆவணங்கள்

காரைப் பார்க்கப் போகும் முன்பே பதிவு எண்ணை வாங்கி, அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவு நாள், எரிபொருள் வகை, காப்பீட்டு நாள், கடன் குறிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். நிலுவையில் உள்ள அபராதங்களையும் பார்த்துவிடுங்கள். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்ற இரு மாவட்டங்களில் பரந்திருப்பதால், டி.என். 63, டி.என். 55 ஆகிய இரண்டுமே இங்கு உள்ளூர் எண்கள்தாம். வேறு வட்டார எண் என்றால், கார் எப்போது, எதற்காக இந்தப் பக்கம் வந்தது என்று கேட்க வேண்டும்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணைக் காரில் பொறித்திருக்கும் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அது 17 இடங்கள் கொண்டது. மாருதி சுசூகி கார்களில் எம்.ஏ.3 என்றும், இங்கு தயாரான ஹூண்டாய் கார்களில் எம்.ஏ.எல். என்றும் தொடங்கும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் முடிந்த கடிதமும், அந்தக் குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கார் தாத்தா பெயரில் இருக்கும், அவர் காலமாகி நான்கு ஆண்டு ஆகியிருக்கும், விற்பவரோ பேரன். அப்போது வாரிசு பெயருக்குப் படிவம் 31 மூலம் மாற்றிய பிறகே உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் அவர் கையெழுத்து எப்போது, எப்படிக் கிடைக்கும் என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். காரில் குறையே இல்லாமல் இருந்து, இந்த ஒரு காரணத்தால் ஆண்டுக்கணக்கில் பெயர் மாறாமல் ஓடும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: வெளிப்புறம்

காலை வெயிலில், கழுவிக் காய்ந்த காரைப் பாருங்கள். முகப்பை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் வளவையும் (முற்றம்) இரண்டாம் கட்டையும் பார்க்காமல் இங்கு யாரும் வீட்டு விலை பேசுவதில்லை. காருக்கும் அதே கண் வேண்டும். கதவு இடுக்குகள் இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கின்றனவா, பானெட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்தினால், பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாது. அப்படி ஓரிடம் இருப்பது குற்றமன்று. குறுகிய தெருவில் திண்ணை ஓரத்தில் உரசாத கார் இங்கு அரிது. ஆனால் முன்பக்கச் சட்டத்திலும் ஸ்டெப்னிக்கு அடியிலும் வெல்டிங் தெரிந்தால் அது பெரிய அடி வாங்கிய வண்டி, விட்டுவிடலாம்.

தொண்டி, தேவிப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் நின்ற கார் என்றால், கதவின் அடிவிளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். உப்புக் காற்றின் துரு முதலில் அங்கேதான் பொரியும். சென்னையிலிருந்து வந்த கார் என்றால் வெள்ளத்தை நினைவில் கொள்ளுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, அதன் கடைசி முழத்தில் கறைக்கோடு இருக்கிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை. செம்மண் தூசி நம் ஊர்க் கார் எல்லாவற்றிலும் இருக்கும். விரிப்புக்கு அடியில் சாம்பல் நிற வண்டல் காய்ந்திருந்தால் அது நம் மண் அன்று.

படி 3: நின்றதால் வந்த கேடுகள்

நீங்கள் வந்து சேரும்வரை இன்ஜினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் கிளம்பச் சிரமப்படுவதை உங்களிடமிருந்து மறைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். இன்னொரு நாள் வாருங்கள்.

முதலில் டயர். நின்ற காரின் டயரில் பட்டன் (தரையில் படும் வரிகள்) புதிதுபோல் இருக்கும், அதுதான் ஏமாற்றும். பக்கவாட்டில் டாட் என்ற குறியை அடுத்துள்ள எண்களின் கடைசி நான்கைப் படியுங்கள்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. தேய்மான எல்லை 1.6 மில்லிமீட்டர் என்று விதி சொன்னாலும், பக்கவாட்டு ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் ஓடினால் பட்டன் எவ்வளவு இருந்தும் பயனில்லை. நான்கும் புதிது வாங்கும் விலையைக் கேட்டு விலையில் கழித்துவிடுங்கள்.

அடுத்தது பிரேக். ஹேண்ட் பிரேக் போட்டபடி மாதக்கணக்கில் நின்ற காரில், பின்சக்கர டிரம்முக்குள் லைனிங் ஒட்டிக்கொள்ளும், கேபிள் துருப்பிடித்து இறுகும். ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. கார் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவதே முறை. டப்பாவில் அது கறுத்திருந்தால், கவனிப்பு இல்லாமல் நின்ற கார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெட்ரோலைப் பற்றிப் பலரும் நினைப்பதே இல்லை. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கால் டாங்க் பெட்ரோலோடு ஆறு மாதம் நின்ற பழைய காரில் பம்ப், இன்ஜெக்டர், ரப்பர்க் குழாய் ஆகிய மூன்றும் பாதிக்கப்படலாம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கம் பம்ப் இரண்டு மூன்று நொடி முனகிவிட்டு நிற்க வேண்டும். கரகரவென்று நீண்ட ஒலி வந்தால் ஐயப்படுங்கள்.

எலியை மறக்கக் கூடாது. பழைய வீட்டுக் கொட்டகையில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் எலி குடியேறுவது வழக்கம். பானெட்டின் உட்புற விரிப்பு கடிபட்டிருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சருகும் புழுக்கையும் கிடக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். அறுந்த வயர்களை டேப் சுற்றி ஒட்டியிருந்தால், எல்லா விளக்குகளையும், கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பது கட்டாயம். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, கார் கிளம்பியதும் அணைய வேண்டும். அது எரியவே இல்லை என்றால், பழுதை மறைக்க விளக்கையே கழற்றியிருக்கலாம்.

பாட்டரி நிறுத்திய நிலையில் 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையிலும் காட்டினால் போதும். டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமன்றி வயதுக் கணக்கும் உண்டு. மாருதி 800, ஆல்டோ 800, பழைய சான்ட்ரோ ஆகியவற்றில் இருப்பது ரப்பர் பெல்ட். கே10 இன்ஜின் கொண்ட ஆல்டோ, வேகன்-ஆர் போன்றவற்றில் சங்கிலி. பெல்ட் வண்டியில் மாற்றியதற்கான ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

ஏ.சி.யைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நெடுநாள் இயங்காத கம்ப்ரசரின் சீல் உலர்ந்து கேஸ் கசிந்துவிடும். "கேஸ் மட்டும் அடிச்சாப் போதும்" என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம்.

படி 4: குழியில் ஏற்றிப் பார்த்தல்

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய், குழியின் மேலோ லிஃப்டிலோ ஏற்றுங்கள். விற்பவர் சொல்லும் பட்டறை வேண்டாம். சிறு தொலைவே ஓடும் காரில் சைலன்சருக்குள் தேங்கும் நீர் ஆவியாவதில்லை; அது உள்ளிருந்து அரிக்கும். ஆக்சில் பூட் (ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, லோயர் ஆர்ம் புஷ் வெடித்திருக்கிறதா, ஷாக்கில் எண்ணெய்க் கசிவு உண்டா என்பவையும் இங்கேதான் தெரியும்.

படி 5: ஓட்டிப் பார்த்தல்

ஊருக்குள் ஒரு சுற்று மட்டும் போதாது. காரைக்குடிக் கடைத்தெரு நெரிசலில் பத்து நிமிடம் ஓட்டினால் கிளட்சும் ரேடியேட்டர் ஃபேனும் தம் நிலையைக் காட்டும். பிறகு திருமயம் சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் வரை போங்கள். நின்று தட்டையான டயர் முதல் சில கிலோமீட்டரில் அதிர்ந்து, சூடேறியதும் அடங்கும். அடங்காத அதிர்வு வேறு பழுது. கப்பி பெயர்ந்த கிராமச் சாலை ஒன்றில் மெல்ல இறக்கினால் முன்பக்க லொடலொடப்பு கேட்கும். திரும்பியதும் நான்கு சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தப் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. பிறகு ஆயில் மூடியைத் திறந்து, உட்பக்கம் பால் கலந்த காப்பி நிறத்தில் கூழ் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிறு ஓட்டம் ஓடிய காரில் சிறிதளவு இருக்கலாம்; கூலன்ட்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

படி 6: புகைச் சோதனை

பழைய சான்று செல்லுபடியானாலும், உங்கள் கண்ணெதிரே புதிதாக ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள், செலவு சொற்பம். பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் என்னும் புகை விதியின் நான்காம் நிலை) பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.முக்குள்ளும் இருக்க வேண்டும், பி.எஸ். 3 என்றால் 0.5 சதவீதம், 750 பி.பி.எம். தேறியதா என்பதோடு நிறுத்தாமல் எண்ணைப் படியுங்கள். எல்லையை ஒட்டி நிற்கும் கார் அடுத்த முறை தவறும்.

படி 7: கைமாற்றும் நாள்

உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கிய பிறகே முழுத் தொகையைக் கொடுங்கள். வேறு மாநில எண் என்றால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்றும் வேண்டும். காப்பீட்டை 14 நாட்களுக்குள்ளும், ஆர்.சி.யை 30 நாட்களுக்குள்ளும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியச் சலுகை) அவருக்கே உரியது, காரோடு வராது. புதிய பிரீமியம் கூடுவதைக் கண்டு திகைக்க வேண்டாம்.

நின்ற கார் என்றால், வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்திலேயே இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், ஃபில்டர்கள் அனைத்தையும் மாற்றுங்கள். தேதி தெரியாத டைமிங் பெல்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ முதல் நெடும்பயணம் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.