ஒப்பந்ததாரரிடம் சான்றிதழ் இருக்கிறது, சரி. அப்புறம்?

ஆலையில் ஒரு வேலையை ஒப்பந்தத்துக்கு விடும்போது முதலில் கேட்பது வேலையிடப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 45001 சான்றிதழை. பிடிஎஃப் வந்ததும் வெண்டர் பட்டியலில் பெயர் ஏறிவிடும். நான் பார்த்த தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்கின.

சான்றை யார் கொடுத்தது என்று பலர் பார்ப்பதே இல்லை. ஐஎஸ்ஓ அமைப்பு நேரடியாக யாருக்கும் சான்று தருவதில்லை. தனி நிறுவனங்கள் தணிக்கை செய்து தருகின்றன. அந்த நிறுவனங்களுக்கு இந்தியாவில் அங்கீகாரம் தருவது என்ஏபிசிபி என்ற தேசிய வாரியம். எந்த அங்கீகாரமும் இல்லாமல், பணம் கட்டினால் போதும் என்று சான்று விற்கிறவர்களும் உண்டு. சான்று மூன்று வருடத்துக்குச் செல்லும் என்றாலும் இடையில் வருடாந்திரத் தணிக்கை நடக்க வேண்டும். அது நடந்ததா என்றும் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, எந்த வேலைகளுக்கு அந்தச் சான்று என்று சொல்லும் 'ஸ்கோப்' வரியைப் படிக்காமல் விடுவது. ஒருமுறை ரசாயனத் தொட்டியைச் சுத்தம் செய்ய வந்தவர்களின் சான்றைப் படித்தேன். அலுவலகப் பராமரிப்பு, தோட்ட வேலை என்று இருந்தது. தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன் ஆக்சிஜனும் நச்சு வாயுவும் அளக்க வேண்டும், வாசலில் ஒருவர் நகராமல் நிற்க வேண்டும், மேலே தூக்க டிரைபாடும் கயிறும் தயாராக இருக்க வேண்டும். சான்று தந்த தணிக்கையாளர் இதில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க வழியில்லை. அன்று வேலையை நிறுத்தினோம். உற்பத்திப் பிரிவுக்குக் கோபம்தான். ஆனாலும் அதே முடிவைத்தான் மறுபடியும் எடுப்பேன்.

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் சமயத்தில் ஆள் பற்றாது. சான்று வைத்திருப்பவர் வேலையைச் சத்தமில்லாமல் ஒரு மேஸ்திரியிடம் தள்ளிவிடுவார். கேட்டில் நிற்கும் ஆளின் இஎஸ்ஐ யார் பெயரில் கட்டப்படுகிறது என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

சான்று வாங்கிவிட்டோம், இனி பொறுப்பு அவர்களுடையது என்ற நினைப்பு எல்லாவற்றையும்விட ஆபத்தானது. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வை ஒப்பந்தப் பணியாளர்கள் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்பு நின்றுபோனதும் இதை ஓட விட்டார்கள். வாயு கசிந்து வெடித்தது, 167 பேர் இறந்தார்கள். ஒப்பந்ததாரர் எத்தனை சான்று வைத்திருந்தாலும், ஷிஃப்டு மாறும்போது பெர்மிட், அதாவது வேலைக்கான அனுமதிச் சீட்டு, சரியாகக் கைமாறுகிறதா என்று பார்ப்பது ஆலையை நடத்துகிறவரின் வேலை.

பாதுகாப்பு வகுப்பை ஆங்கிலத்தில் ஓட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தையும் விட வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் தம்பியிடம் அவருக்குப் புரியும் மொழியில் கேளுங்கள்: சைரன் அடித்தால் எங்கே போய் நிற்பீர்கள்? அவர் கை காட்டத் தெரியாமல் நின்றால், அன்றைக்கு கேட் பாஸ் கொடுக்காதீர்கள்.