மலையகத்தில் டெங்குப் பரவலைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெங்குப் பரவலுக்குக் கணித மாதிரி அமைக்க முனைவோர் பலர், மாவட்டத்தின் சராசரி வெப்பநிலையை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். சமதரையில் இதனால் பெரிய கேடு இல்லை. இலங்கையின் மலையகத்திலோ இதுவே முதல் தவறு. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில், ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ் ஆண்டுச் சராசரியுடன் குளிர்ந்து கிடக்க, அதே மாவட்டத்தின் கினிகத்தேனை ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் தாழ்ந்து வெதுவெதுப்பாக இருக்கிறது. இரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் வெப்பநிலை, இந்த இரண்டு இடத்து நுளம்புகளுக்கும் உரியதல்ல.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தால் இது விளங்கும். நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே நோயைப் பரப்பாது. வைரசு அதன் உடலில் பெருகி உமிழ்நீரை எட்ட வேண்டும். இதற்குப் பத்து நாள் ஆகும் என்றும், நுளம்பு ஒரு நாளைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு 0.9 என்றும் கொண்டால், பத்து நாள் பிழைப்பவை நூற்றுக்கு 35; குளிரால் அந்தக் காலம் இருபது நாளாக நீண்டால் 12 மட்டுமே. காலம் இரட்டிக்கும்போது ஆபத்து பாதியாகாமல் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. பிரித்தானிய மருத்துவர் ரொனால்ட் ரோஸ் மலேரியாப் பரவலுக்கு வகுத்த சமன்பாடுகளை 1950களில் விரித்த ஜோர்ஜ் மக்டொனால்ட், நுளம்பின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுளையே வலியுறுத்தியதற்குக் காரணமும் இதுதான். ஆகவே உயரவாரியாகப் பிரித்துக் கணித்த பிறகே கூட்ட வேண்டும். வானிலை நிலையத்தின் வெப்பமானி காட்டும் அளவும், அடுப்பெரியும் லயக் காம்பராவின் (தோட்டத் தொழிலாளரின் வரிசைவீட்டு அறையின்) மூலையில் தங்கும் நுளம்புக்குக் கிடைக்கும் வெப்பமும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது.

இதைவிட என்னை வருத்தும் தவறு ஒன்று உண்டு. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்து இளைஞர் தீபாவளிக்கு மலையக நகரான ஹற்றனுக்கு வந்து, மூன்றாம் நாள் காய்ச்சலில் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நுளம்பு கடித்தது முதல் காய்ச்சல் தொடங்கும் வரை பொதுவாக நான்கு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால், அவருக்குத் தொற்று கொழும்பில்தான் ஏற்பட்டிருக்க வேண்டும். ஆனால் வீட்டு முகவரியை வைத்து அவரை எண்ணும் மாதிரி, ஹற்றனிலேயே பரவல் எழுந்ததாகக் காட்டும். பண்டிகைக்கு வந்தவர்களைப் பிரித்தறியாமல் கணித்தால், புகையடிப்பும் ஆட்களும் தேவையற்ற இடத்துக்குப் போய், தாழ்ந்த பகுதிகளில் உண்மையாகவே பரவும் நோய் கவனிப்பாரற்றுக் கிடக்கும்.

மழை கூடினால் நோய் கூடும் என்று நேர்கோட்டில் எழுதுவதும் பிழை. அடைமழை முட்டைப்புழுக்களை அடித்துச் செல்லும். தண்ணீர் வராத நாட்களில் லயத்து வாசலில் நிரப்பி வைக்கும் பீப்பாயும், தகரக் கூரை பறக்காதிருக்க ஏற்றிய பழைய டயரும் மழையின்றியும் நுளம்பை வளர்க்கும். நோய் வேறு, நுளம்பும் வேறு என்றாலும், 1934–35இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன மலேரியா, பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோதுதான் மூண்டது.

முந்தைய ஆண்டுகளின் போக்கை மட்டும் நீட்டிக் கணிப்பவர்கள் 2017ஐ நினைக்க வேண்டும். அவ்வாண்டு டெங்கு வைரசின் நான்கு வகைகளுள் இரண்டாம் வகை மேலோங்கியபோது, நாடு முழுவதும் பதிவானோர் தொகை 186,101 ஆயிற்று. கடைசி இரண்டு வார எண்ணிக்கை குறைந்திருப்பதைக் கண்டு பரவல் தணிகிறது என்று முடிவுகட்டுவதும் அவசரம். தூரத் தோட்டங்களின் அறிவித்தல்கள் பெரும்பாலும் பிந்தியே வந்து சேரும்.

மாதிரி அமைப்பவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்: காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய பதினான்கு நாட்களில் நோயாளி பகற்பொழுதை எங்கே கழித்தார்? டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது.