விமான விபத்துக்குப் பின்: கையெழுத்திடுவதற்கு முன் குடும்பங்கள் அறிய வேண்டிய சட்ட வழிகள்

விமான விபத்தில் உறவினரை இழந்த குடும்பத்திடம் முதல் சில வாரங்களுக்குள் பல காகிதங்கள் வந்து சேரும். எந்த நீதிமன்றத்தில் எவ்வளவு தொகை கோருவது என்ற கேள்வி பிறகுதான் எழும். அந்தக் காகிதங்களில் எதில் கையெழுத்திடலாம், எதில் இப்போதைக்குக் கூடாது என்பதே முதலில் தெரிய வேண்டியது. அவசரத்தில் இட்ட ஒரு கையெழுத்தையும், தவறவிட்ட ஒரு தேதியையும் பின்னால் எவ்வளவு திறமையான வழக்கறிஞராலும் சரிசெய்வது கடினம். மற்றவை அனைத்துக்கும் ஓரளவு அவகாசம் உண்டு.

எந்தச் சட்டம் பொருந்தும்?

இதைத் தீர்மானிப்பது விபத்து நடந்த இடமோ விமானம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதோ அல்ல; பயணியின் டிக்கெட். நாடுவிட்டு நாடு செல்லும் பயணங்களுக்கு இன்று பெரும்பாலும் பொருந்துவது, 1999-இல் கையெழுத்தாகி 2003 நவம்பர் 4 முதல் நடைமுறையில் இருக்கும் மான்ட்ரியால் உடன்படிக்கை. டிக்கெட்டில் குறித்த புறப்பாட்டு நாடும் சேருமிட நாடும் அதில் சேர்ந்திருந்தால் அது பொருந்தும். வேறொரு நாட்டில் தங்கித் திரும்பும் இருவழிப் பயணத்துக்கு, புறப்பட்ட நாடு சேர்ந்திருந்தாலே போதும். வெளிநாட்டுக்குச் செல்லும் டிக்கெட்டின் ஒரு பகுதியாக உள்நாட்டு விமானம் ஒன்றில் ஏறியவரும் இந்த உடன்படிக்கைக்குள் வருவார். அதே விமானத்தில் பக்கத்து இருக்கையில் உள்நாட்டு டிக்கெட்டோடு அமர்ந்திருந்தவருக்கோ அந்நாட்டின் உள்நாட்டுச் சட்டமே பொருந்தும். ஆகவே இன்னொரு குடும்பத்துக்குக் கிடைத்த தொகையை வைத்துத் தம் உரிமையைக் கணக்கிடுவது சரிவராது. சில வழித்தடங்களில் 1929-ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கையும் அதன் திருத்தங்களும் இன்னும் குறுக்கிடக்கூடும்; அவற்றின் வரம்புகள் மிகவும் குறைவானவை என்பதால், எந்த உடன்படிக்கை என்பதை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

செய்திகளில் அடிக்கடி அடிபடும் 1,51,880 என்ற எண்ணைப் பற்றிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அது ஒரு பயணிக்கான இழப்பீடு தொடர்பாக மான்ட்ரியால் உடன்படிக்கை வகுத்திருக்கும் ஓர் எல்லை; எஸ்.டி.ஆர். எனப்படும் சிறப்பு எடுப்புரிமை அலகுகளில் குறிக்கப்பட்ட தொகை. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஆகிய ஐந்து நாணயங்களைக் கொண்டு பன்னாட்டு நாணய நிதியம் அதன் மதிப்பை வெளியிடுகிறது. அமெரிக்க டாலரில் அந்தத் தொகை ஏறத்தாழ 2 லட்சம். 2024 டிசம்பர் 28 முதல் இந்த வரம்பு நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் அது 1,28,821 எஸ்.டி.ஆர். ஆக இருந்தது. இந்த எல்லைவரை நிரூபிக்கப்படும் இழப்புக்கு, ‘எங்கள் மீது தவறில்லை’ என்று விமான நிறுவனம் தப்பிக்க முடியாது. பயணியின் சொந்தக் கவனக்குறைவே காயத்துக்குக் காரணமானால் மட்டும் தொகை குறையலாம். எல்லையைத் தாண்டிய இழப்பிலிருந்து விடுபட வேண்டுமானால், தன் கவனக்குறைவால் விபத்து நேரவில்லை என்பதையோ, முழுக்க வேறொருவரின் தவறே காரணம் என்பதையோ அந்த நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். ஆக, இது எல்லோருக்கும் தானாகக் கிடைக்கும் தொகையும் அன்று, இதற்குமேல் கேட்க முடியாது என்ற உச்சவரம்பும் அன்று. ‘சட்டப்படி அதிகபட்சம் இவ்வளவுதான்’ என்று யாராவது குடும்பத்திடம் சொன்னால், அவர் சட்டத்தை அறியாதவர் அல்லது எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர்.

முன்பணமும் விடுவிப்புப் பத்திரமும்

விபத்துக்குப் பிந்தைய அன்றாடச் செலவுகளுக்காக விமான நிறுவனம் முன்பணம் தர வேண்டும் என்று பல நாடுகளின் சட்டங்கள் கூறுகின்றன. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, உரியவர் யார் என்று அடையாளம் காணப்பட்ட 15 நாட்களுக்குள், உயிரிழப்பு நேர்ந்திருந்தால் குறைந்தது 16,000 எஸ்.டி.ஆர். தர வேண்டும். 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதியபோது, ஒரு பயணிக்கு 50,000 யூரோ வரை உடனடி உதவியாக வழங்குவதாக நிறுவனம் அறிவித்தது. முன்பணம் கொடுப்பது நிறுவனம் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது. பிற்பாடு வரும் இழப்பீட்டில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அதைப் பெறுவதால் குடும்பத்தின் உரிமையும் போய்விடாது. எனவே தயங்காமல் பெற்றுக்கொள்ளலாம்; ஆனால் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்த பிறகே பெற வேண்டும்.

ரசீதில் இருக்க வேண்டியது ஒன்றே: ‘இத்தொகை முன்பணம், இறுதி இழப்பீட்டில் கழிக்கப்படும், பெறுபவரின் பிற உரிமைகளை இது பாதிக்காது’ என்ற பொருள்படும் வாசகம். அதற்குப் பதிலாக ‘முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்றோ, ‘விமான நிறுவனம், அதன் துணை நிறுவனங்கள், காப்பீட்டாளர்கள், விமானத்தைத் தயாரித்தவர்கள், உதிரிபாகம் வழங்கியவர்கள் ஆகியோர் அனைவரையும் எல்லாக் கோரிக்கைகளிலிருந்தும் விடுவிக்கிறேன்’ என்றோ இருந்தால், அது ரசீது அன்று, விடுவிப்புப் பத்திரம். அந்தப் பெயர்ப் பட்டியலில் தயாரிப்பாளர் இடம்பெறுகிறாரா என்பதை விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டும். 2018 அக்டோபரில் ஜாவா கடலில் போயிங் 737 மேக்ஸ் விமானம் விழுந்தபின், இந்தோனேசிய விதி வகுத்த 125 கோடி ரூபியா இழப்பீட்டைப் பெற வந்த குடும்பங்களிடம், தயாரிப்பாளர் உள்ளிட்ட பலர்மீது வழக்குத் தொடரமாட்டோம் என்ற பத்திரத்திலும் கையெழுத்து கேட்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. சட்டப்படி தமக்கு உரியதைப் பெறுவதற்கே இன்னொரு உரிமையை விலையாகக் கொடுக்கச் சொல்வது இது. இத்தகைய பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று வழக்கறிஞரிடம் காட்ட அனுமதிக்க மறுப்பார்களானால், கையெழுத்திடாமல் எழுந்து வருவதே சரி.

இரண்டு ஆண்டுகள்

மான்ட்ரியால் உடன்படிக்கையின்படி விமான நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகளே உண்டு. விமானம் சேருமிடத்தை அடைந்த நாள், அடைந்திருக்க வேண்டிய நாள், அல்லது பயணம் நின்றுபோன நாளிலிருந்து அது கணக்கிடப்படும். அந்தக் காலம் கடந்தால் உரிமையே அழிந்துவிடும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தது என்ற வாதத்தைப் பெரும்பாலான நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. நிறுவனத்துடனோ காப்பீட்டாளருடனோ பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பது கடிகாரத்தை நிறுத்தாது. கடிதம் எழுதியதும் மின்னஞ்சல் அனுப்பியதும் போதாது. நீதிமன்றத்தில் வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும். 2014 மார்ச் 8-இல் காணாமல் போன மலேசியா ஏர்லைன்ஸின் எம்.எச்.370 விமானத்தின் விஷயத்தில், விமானம் எங்கே விழுந்தது என்றே தெரியாத நிலையிலும், 2016 மார்ச் நெருங்கியபோது குடும்பங்கள் பல நாடுகளில் வழக்குகளைத் தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று.

அதிகாரபூர்வ விசாரணை முடியட்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பன்னாட்டு விதிகளின்படி முதற்கட்ட அறிக்கை 30 நாட்களுக்குள் தயாராக வேண்டும். இறுதி அறிக்கை இயன்றால் 12 மாதங்களுக்குள் வர வேண்டும், இயலாவிட்டால் ஆண்டுதோறும் இடைக்கால அறிக்கை வெளியிட வேண்டும். நடைமுறையில் இறுதி அறிக்கை இரண்டு ஆண்டுகளைத் தாண்டிப் போவது உண்டு. மேலும், அந்த விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே. யார் குற்றவாளி, யார் பணம் கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் வேலை அன்று. அறிக்கையின் முடிவுரையைச் சான்றாக ஏற்காத நாடுகளும் உண்டு. ஆனாலும் அதில் இடம்பெறும் தொழில்நுட்பத் தகவல்கள் வழக்குக்கு வழிகாட்டும். ஒரு நாட்டின் குடிமக்கள் விபத்தில் இறந்திருந்தால், அந்த நாடு தன் சார்பில் ஒரு நிபுணரை நியமித்து, விபத்திடத்தைப் பார்வையிடவும் உண்மைத் தகவல்களைப் பெறவும் முடியும். வெளிநாட்டில் விபத்து நடந்திருந்தால், குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து தம் அரசிடம் இதைக் கேட்பது பயன்தரும்.

எங்கே வழக்குத் தொடரலாம்?

விமான நிறுவனம் பதிவு பெற்ற நாடு, அதன் முதன்மை அலுவலகம் உள்ள நாடு, டிக்கெட் ஒப்பந்தம் செய்யப்பட்ட அதன் கிளை இருக்கும் நாடு, பயணத்தின் சேருமிடம் ஆகிய நான்கு வழிகளை உடன்படிக்கை தருகிறது. உயிரிழப்பும் உடற்காயமும் நேர்ந்த வழக்குகளில், அந்த நிறுவனம் அங்கு சேவை நடத்தி அலுவல் புரிவதாயின், பயணி நிரந்தரமாக வாழ்ந்த நாடு ஐந்தாவது வழியாகச் சேர்கிறது. இவற்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது சேருமிடம். இருவழி டிக்கெட்டில், சட்டத்தின் பார்வையில் சேருமிடம் என்பது பயணி புறப்பட்ட ஊரே. போகும் வழியில் விபத்து நேர்ந்தாலும் அப்படித்தான். அதே பயணி ஒருவழி டிக்கெட் வாங்கியிருந்தால், அவர் போய்ச் சேரவிருந்த வெளிநாடே சேருமிடம். திரும்புவதற்குத் தனி டிக்கெட் வாங்கியிருந்தாரா, ஒரே பதிவில் இரண்டும் இருந்தனவா என்ற சிறு வேறுபாடு, வழக்கைச் சொந்த நாட்டில் நடத்தலாமா என்பதையே மாற்றிவிடும். எனவே இ-டிக்கெட்டின் முழு நகலைத் தேடி எடுப்பது முதல் வேலைகளுள் ஒன்று. அதில் ‘இவ்விமானத்தை இயக்குபவர்’ என்ற சிறிய வரியையும் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் விற்ற டிக்கெட்டில் இன்னொரு நிறுவனத்தின் விமானம் பறக்கும் கோட்ஷேர் ஏற்பாடாக இருந்தால், இரு நிறுவனங்களில் எதன்மீதும், இரண்டின்மீதும் கோரலாம்.

விமானத்தைத் தயாரித்தவர், இயந்திரம் வழங்கியவர், பராமரிப்பு செய்தவர், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டை நடத்தியவர் ஆகியோர்மீதான வழக்கு மான்ட்ரியால் உடன்படிக்கைக்கு வெளியே, அந்தந்த நாட்டுச் சட்டப்படி நடப்பது. அதன் காலவரம்பு வேறு. சில இடங்களில் இரண்டு ஆண்டுகளைவிடக் குறைவாகவும் இருக்கக்கூடும். விமான நிறுவனத்திடமிருந்து உடன்படிக்கையின் கீழ் தண்டனை இழப்பீடு, அதாவது இழப்பை ஈடுசெய்வதற்காக அன்றித் தவறிழைத்தவரைத் தண்டிப்பதற்காக விதிக்கப்படும் தொகை, கோர முடியாது. தயாரிப்பாளருக்கு அந்தத் தடை இல்லை. 2019 மார்ச் 10-இல் எத்தியோப்பியாவில் 157 பேர் இறந்த 737 மேக்ஸ் விபத்து தொடர்பாகச் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்குகளில், 2021 நவம்பரில் போயிங் இழப்பீட்டுக்கான தன் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. பதிலுக்குக் குடும்பங்கள் தண்டனை இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிட்டன. அதற்காக எல்லா வழக்குகளையும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று எண்ண வேண்டாம். எம்.எச்.370 வழக்குகளை, மலேசியாவில் நடத்துவதே பொருத்தம் என்று கூறி 2018-இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சான்றுகளைச் சேர்ப்பது

இழப்பீடு என்பது இறந்தவரின் உயிருக்கு இடப்படும் விலையன்று. அவரை நம்பியிருந்தவர்கள் இழந்ததன் கணக்கு. ஆகவே சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றோடு நில்லாமல், அவர் மாதந்தோறும் பெற்றோருக்கு அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு, பிள்ளைகளின் கல்விக் கட்டண ரசீது, வீட்டுக் கடன் தவணை, பதவி உயர்வு குறித்து அலுவலகம் அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சல் கணக்கையும் அவசரப்பட்டு மூடிவிட்டால் இவற்றில் பாதி தொலைந்துவிடும். ஊதியமின்றி வீட்டைக் கவனித்துவந்தவரின் உழைப்புக்கும் பல நாட்டு நீதிமன்றங்கள் மதிப்பிட்டு இழப்பீடு வழங்குகின்றன. வருமானம் இல்லாதவர் என்று அவர் பெயரில் கோராமல் விட்டுவிடக் கூடாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், திருமணப் பதிவு ஆகியவற்றில் பெயர் எழுத்துகள் கடவுச்சீட்டோடு ஒத்துப்போகின்றனவா என்பதைத் தொடக்கத்திலேயே சரிபார்த்தால், வெளிநாட்டில் அபோஸ்டில் முத்திரையோடு (ஆவணம் உண்மையானது என்று அரசு அளிக்கும் சான்று) அளிக்கும்போது மாதக்கணக்கில் அலைய நேராது.

உயிர் தப்பியவர்கள் அன்றைய தினமே மருத்துவப் பரிசோதனை செய்து பதிவு பெற வேண்டும். உடன்படிக்கை உடற்காயத்தையே பேசுகிறது. உடலில் காயமின்றி மன உளைச்சல் மட்டும் ஏற்பட்டிருந்தால் இழப்பீடு கிடைக்காது என்று, முந்தைய வார்சா உடன்படிக்கையின் கீழ் வந்த வழக்கில், 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனநலச் சிகிச்சைப் பதிவுகளையும் சேர்த்து வைக்கலாம். உடற்காயத்தோடு இணைந்த மன வேதனையைச் சில நீதிமன்றங்கள் கணக்கில் கொள்கின்றன.

ஆயுள் காப்பீடு, பயணக் காப்பீடு, கடன் அட்டையோடு வரும் விபத்துக் காப்பீடு, பணியளிப்பவரின் குழுக் காப்பீடு ஆகியவை தனித்தனி ஒப்பந்தங்கள். அவற்றின் அறிவிப்புக் காலக்கெடு பெரும்பாலும் மிகக் குறுகியது.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்தல்

துக்க வீட்டுக்கு அழையாமல் வரும் வழக்கறிஞரிடமும் அவர் அனுப்பிய தரகரிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம், விமான விபத்து நடந்த 45 நாட்களுக்குள் வழக்கறிஞர்கள் தாமாகக் குடும்பங்களைத் தொடர்புகொள்வதைத் தடை செய்திருக்கிறது. கிடைக்கும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறும் முறை சில நாடுகளில் வழக்கம், சில நாடுகளில் வழக்கறிஞர்களுக்கே தடைசெய்யப்பட்டது. அந்த முறையில் போவதானால், பங்கு எவ்வளவு, நிபுணர் கட்டணமும் மொழிபெயர்ப்புச் செலவும் பங்கைக் கணக்கிடும் முன் கழிக்கப்படுமா பின் கழிக்கப்படுமா, தோற்றால் அச்செலவை யார் ஏற்பது, வழக்கை உண்மையில் நடத்தப்போவது இவரா அல்லது இவர் கைமாற்றிவிடும் வெளிநாட்டு அலுவலகமா என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளூர் உறவினருக்கோ தரகருக்கோ பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதைத் தவிர்த்து, எந்த வழக்கு, எந்த நீதிமன்றம் என்று குறிப்பிட்டதாகவும், சமரசத்துக்கு உங்கள் தனி ஒப்புதல் வேண்டும் என்று விதிப்பதாகவும் உள்ள அதிகாரப் பத்திரத்தையே எழுத வேண்டும். இறந்தவரின் துணைவரும் பெற்றோரும் தொகையைப் பங்கிடுவதில் மாறுபடக்கூடும் என்று தோன்றினால், இரு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞர் என்பது சரியாகாது. அதைச் சொல்வதற்கு வருத்தப்பட வேண்டியதில்லை.

தரையில் இருந்து இறந்தோருக்கும் விமானப் பணியாளர்களுக்கும் மேலே சொன்ன பயணிகள் விதி பொருந்தாது. 2025 ஜூன் 12-இல் அகமதாபாத்தில் விமானம் மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடத்தின்மீது விழுந்தபோது தரையில் இருந்தவர்களும் இறந்தார்கள். இத்தகையோரின் குடும்பங்கள் அந்நாட்டுத் தீங்கியல் சட்டத்தின் (பிறர் விளைவித்த தீங்குக்கு இழப்பீடு கோரும் சட்டம்) கீழ்க் கோர வேண்டும். பணியாளர்களின் குடும்பங்கள் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தையும் பணி ஒப்பந்தத்தையும் முதலில் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் மீதான வழக்கு அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. இழப்பீட்டுக்கு உரியவர்களில் வயது நிறையாத பிள்ளைகள் இருந்தால், அவர்கள் சார்பில் செய்யும் சமரசத்துக்குப் பல நாடுகளில் நீதிமன்றத்தின் ஒப்புதல் தேவை. அந்த ஒப்புதல் இன்றிப் பெற்ற தொகையைப் பிள்ளை வயதுக்கு வந்தபின் கேள்விக்குள்ளாக்கலாம் என்பதால், சமரசப் பத்திரத்தில் பிள்ளையின் பங்கு தனியே குறிக்கப்பட்டு, எந்தக் கணக்கில் எந்த வயதுவரை வைப்பாக இருக்கும் என்பதும் எழுதப்பட வேண்டும்.