சொல்லின் வாலைப் பிடித்தால் ஆங்கில உச்சரிப்பு வரும்: மொரீசியஸ் மாணவர்களுக்கு

வீட்டில் கிரியோல், பத்திரிகையில் பிரெஞ்சு, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்துக்கூட்டு ஒன்றாகவே இருக்கும் சொற்கள் ஏராளம். நாக்கு தடுமாறுவதும் அங்கேதான். பிரெஞ்சில் அழுத்தம் கடைசி அசையில் விழும். ஆங்கிலத்தில் அது எங்கே விழும் என்பதைப் பல சொற்களில் ஈறே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ஷன், இக், இட்டி என்ற 3 ஈறுகளைப் பிடியுங்கள். இவற்றுக்கு நேர் முந்தைய அசைக்குத்தான் அழுத்தம். எஜுகேஷனில் ‘கே’. ரெத்வீயில் இருக்கும் யூனிவர்ஸிட்டியில் ‘வர்’. பிரெஞ்சுப் பழக்கத்தில் கடைசி ‘டி’யைத் தூக்கிவிடாதீர்கள். ஈறு மாறினால் அழுத்தமும் நகரும்: எலெக்ட்ரிக்கில் ‘லெக்’, எலெக்ட்ரிஸிட்டியில் ‘ரிஸ்’. கூடவே ககர ஒலி ‘ஸ்’ ஆகிவிடுகிறது. கேத்தலிக், பாலிட்டிக்ஸ் இரண்டும் அடங்காதவை; அவற்றில் முதல் அசைதான்.

பழகும்போது ஈற்றுக்குக் கீழே பென்சிலால் கோடு போடுங்கள், முந்தைய அசையின் மேல் ஒரு புள்ளி. புள்ளி வந்ததும் மேசையைத் தட்டி, அந்த அசையைச் சற்று நீட்டி உரக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் செய்தும் சரியாக ஒலிக்கவில்லையா? மற்ற அசைகளையும் தமிழில் போல முழுசாகச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். அவற்றை மங்க விடவேண்டும். ஃபோட்டோகிராஃபில் ‘ஃபோ’ ஓங்கி நிற்கும். படம் எடுப்பவரைச் சொல்லும்போது அதே எழுத்து ‘ஃப’ என்று தேய்ந்து, ‘ஃபடாக்ரஃபர்’ ஆகிவிடும்.

இறந்தகாலத்துக்குச் சேர்க்கும் ஈ, டி எழுத்துகளைப் பார்த்ததும் பலர் ‘வாக்கெட்’ என்கிறார்கள். ‘வாக்ட்’ என்பதே சரி, ஒரே அசை. கடைசியில் உகரமும் ஒட்டக்கூடாது. மூலச்சொல் டகர ஒலியில் முடிந்தால் மட்டுமே தனி அசை: வான்டிட், நீடிட். தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். ‘வாக்’ முடியும் இடத்தில் அதிர்வு இல்லை. அதனால் ‘பாட்டு’வின் வல்லோசை வரும். ‘அழை’ என்று பொருள்படும் ‘கால்’ முடியும்போது அதிரும்; அதனால் ‘பாடு’வின் மெல்லிய ஓசை. விக்கிட், நேக்கிட் போன்ற பெயரடைகள் விதிவிலக்கு. அவற்றில் 2 அசை.

கிராமத்தைக் குறிக்கும் பிரெஞ்சு ‘விலாஜ்’ ஆங்கிலத்தில் ‘வில்லிஜ்’. நாக்கு அண்ணத்தைத் தொட்டு ‘ஜ்’ வரவேண்டும்.

எஞ்சினியர், வாலன்டியர், ரெஃப்யூஜீ மாதிரிச் சொற்களில் அழுத்தம் கடைசி அசைக்கே. அங்கே பிரெஞ்சுப் பழக்கத்தைத் தாராளமாக அப்படியே வைத்துக்கொள்ளலாம்.