டயல் நிறத்தில் மயங்கினால் போச்சு: பழைய குரோனோகிராஃப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நாலு எட்டு நடக்கவிட்டும் பார்ப்பார்கள். அந்த வழக்கத்தில் வளர்ந்த நான், பழைய சாமான் கடையில் ஒரு மஞ்சள் டயல் சீக்கோ குரோனோகிராஃபை, அதாவது பட்டனை அழுத்தி விநாடி எண்ணும் ஜப்பான் வாட்சை, பார்த்ததும் எதையும் பார்க்காமல் பணத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

அந்த மஞ்சளுக்கு ஒரு கதை உண்டு. 1973 நவம்பரில் கிளம்பிய ஸ்கைலேப் 4 பயணத்தில் வில்லியம் போக் என்ற விண்வெளி வீரர் தன் சொந்த சீக்கோ 6139ஐயும் கொண்டுபோனார். நாசா கொடுத்த அதிகாரப்பூர்வ வாட்ச் ஒமேகாதான். ஆனாலும் 84 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு வந்ததால் மஞ்சள் சீக்கோவுக்கு ‘போக்’ என்றே பேர் ஆகிவிட்டது. பேர் வந்ததும் விலை ஏறியது. விலை ஏறியதும் பெயிண்டு டப்பாவைத் திறந்துவிட்டார்கள்.

கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் எனக்குப் பழக்கமான வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவர் இருக்கிறார். பின்மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம்தான் பார்த்தார். “ஏனுங்க தம்பி, மெஷின் நெசமானதுங்க. டயலு பம்பாய்ப் பெயிண்டுங்க.” அவ்வளவுதான்.

டயலுக்கு மறுபடி வண்ணம் அடித்ததைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. லென்ஸ் வைத்து எழுத்தைப் பாருங்கள். கம்பெனி அச்சு கூர்மையாக இருக்கும், புதிதாக அடித்தது ஓரத்தில் கசிந்து தடித்திருக்கும். உள்ளே இருக்கும் சின்ன வட்டம் டயலிலிருந்து லேசாகப் பள்ளமாக இறங்கும். பெயிண்டு அடித்தால் அந்த விளிம்பு மழுங்கிவிடும். ஐம்பது வருஷ வாட்சில் டயல் மட்டும் நேற்றுப் பூத்த செவ்வந்தி மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சீக்கோவாக இருந்தால் பின்மூடியில் உள்ள எண்களையும் படிக்க வேண்டும். 6139-6002 என்று இருந்தால் முதல் நான்கு இலக்கம் மெஷின், அடுத்த நான்கு கேஸ், அதாவது வெளிக்கூடு. தனியாக உள்ள ஆறு இலக்க எண்ணில் முதலாவது வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 43 என்று தொடங்கினால் 1974 மார்ச். இந்த மாடல் 1969இல் வந்து எழுபதுகளோடு முடிந்ததால் எந்தப் பத்தாண்டு என்ற குழப்பம் அநேகமாக வராது. இன்னொன்று, 6139 கை அசைவிலேயே சாவி ஏறும் மெஷின், கையால் சாவி கொடுக்க முடியாது. பக்கவாட்டில் உள்ள திருகு முனையை உள்ளே அழுத்தினால் தேதியும் கிழமையும் மாறும். ‘சாவி கொடுத்தால் நன்றாக ஓடும்’ என்று யாராவது 6139ஐ விற்றால் அவருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, நல்ல வாட்சை ரிப்பேர் என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பது. லேண்டரான் 48 மெஷின் உள்ள சுவிஸ் வாட்சுகளில் மேல் பட்டன் ஓட்டுவதற்கு மட்டும். நிறுத்துவதும் முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவதும் கீழ் பட்டன். மற்ற குரோனோகிராஃப் பழக்கத்தில் மேல் பட்டனையே மறுக்கா மறுக்கா அழுத்திவிட்டு “நிக்க மாட்டேங்குதுங்க” என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஆசைப்பட்ட மாடலுக்கு மாற்று தேடும் விஷயத்துக்கு வருவோம். ரோலெக்ஸ் டேடோனாவைப் பற்றி நம்மைப் போன்றவர்கள் பேசி ஆவதற்கு ஒன்றுமில்லை. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனா 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போனது. உடனே நாம் செய்கிற தவறு, அதே முகம் உள்ள மலிவுச் சரக்கைத் தேடுவது. முகத்தை விட்டுவிட்டு மெஷினின் வம்சத்தைத் தேடுங்கள். அந்தக் கால டேடோனாவுக்குள் இருந்தது வால்ஜூ 72 என்ற சுவிஸ் மெஷின். ரோலெக்ஸ் சொந்தமாகச் செய்ததில்லை, வெளியே வாங்கிய மெஷின்தான். அதையே வேறு பல கம்பெனிகளும் போட்டன. அவையும் இப்போது விலை ஏறிவிட்டன என்பது வேறு கதை. அதனால் ஒரு படி இறங்கி வால்ஜூ 7733, 7734 பக்கம் பாருங்கள். அந்த 7734ஐ ஒட்டித்தான் ரஷ்யாவின் போல்யோட் 3133 எழுபதுகளில் உருவானது. சீனாவின் சீகல் எஸ்டி19 மெஷின், சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175இன் வாரிசு. அதைப் புதிதாகவே வாங்கலாம், சாவி கொடுக்கிற மெஷின். ஆனால் ‘சீகல் 1963’ என்ற பேரில் பல பேர் கோத்து விற்கிறார்கள், விற்பவரைப் பார்த்து வாங்குங்கள். நியூமன் டேடோனா மாதிரி வெள்ளை டயலில் கறுப்பு வட்டங்கள்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் சீக்கோ 6138-8020 இருக்கிறது. அதிலும் பெயிண்டு டயல் ஏராளம்.

நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டருக்கும் இதே கதைதான். அதன் மெஷினைச் செய்தது லெமானியா. ஒமேகாவும் டிசோவும் அப்போது ஒரே குழுமத்தில் இருந்ததால் டிசோவின் பழைய குரோனோகிராஃப் சிலவற்றிலும் லெமானியா உண்டு. டிசோ என்ற பேருக்கு விலை குறைவு. நமக்கு லாபம்.

இதில் எல்லோரும் கோட்டை விடுவது சர்வீஸ் செலவில். ஊரில் எச்எம்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குரோனோகிராஃபை நீட்டினால் அவர்களில் பாதிப்பேர் கையைக் கட்டிக்கொள்வார்கள். ஸ்பிரிங்கும் நெம்புகோலும் கூடுதல், ஒன்று உடைந்தால் இன்னொரு செத்த வாட்சிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் முதலில் ரிப்பேர்க்காரரைப் பிடியுங்கள், அவர் எந்த மெஷினைத் தொடுவேன் என்கிறாரோ அதை வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் கணக்கில் வரட்டும்.

வாங்கிய பிறகு பாலிஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள். நகைப் பட்டறைகள் நிறைந்த கோயமுத்தூரில் இந்த ஆசை சுலபமாக வரும். வளையல் மின்னலாம். வாட்ச் கேஸின் கூர் விளிம்பு ஒருமுறை போனால் திரும்பி வராது. பின்மூடியில் 70 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பிக் கோவைக் குற்றாலத்தில் குளிக்கவும் வேண்டாம், ரப்பர் வளையம் எப்போதோ செத்திருக்கும்.

என் மஞ்சள் சீக்கோவை விற்கவில்லை. மெஷின் நெசம் இல்லையா? சேலம் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது ஒரு கிலோமீட்டர் கல்லில் பட்டனை அழுத்தி அடுத்த கல்லில் நிறுத்துவேன். 40 விநாடி என்றால் வேக அளவு வளையத்தில் முள் 90இல் நிற்கும். பம்பாய்ப் பெயிண்டு அதற்குக் குறுக்கே வருவதில்லை.